வெப் அப்ளிகேஷனிலிருந்து தமிழில் எஸ்எம்எஸ்: டிஎல்டி பதிவிலிருந்து டெலிவரி ரிப்போர்ட் வரை

மடிப்பாக்கத்தில் ஓர் ஏப்ரல் மதியம். அபார்ட்மெண்டில் சம்ப் காலி. சங்கச் செயலாளர் ஆபீசில் இருந்தபடியே வெப்சைட்டில் தண்ணி லாரி புக் செய்துவிட்டார். ஆனால் லாரி வரும்போது கேட்டைத் திறந்து, ஹோஸை இழுத்து சம்பில் விட வேண்டியவர் வாட்ச்மேன். அவர் கையில் இருப்பது பட்டன் போன். அதில் ஆப்பும் கிடையாது, வாட்ஸ்அப்பும் கிடையாது. அவரைப் போய்ச் சேரக்கூடியது எஸ்எம்எஸ் ஒன்றுதான், அதுவும் அவர் படிக்கும் தமிழில் இருந்தால்தான்.

அப்படிப்பட்ட ஒரு தண்ணி லாரி புக்கிங் தளத்தை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறோம். கிளினிக் டோக்கன், டியூஷன் சென்டர் வருகைப்பதிவு, ஓடிபி என எதை அனுப்பினாலும் வழி இதேதான். மெசேஜை அனுப்பும் நிரல் அரை நாள் வேலை. நாளைத் தின்பது அதற்கு முந்தைய டிஎல்டி பதிவு, அதாவது அனுப்புவது யார், அனுப்பும் வாசகம் என்ன என்பதை ஆபரேட்டர்களின் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவது. பதிவு முடிந்த பிறகும் தலைவலி தருவது ஒரே ஒரு நிபந்தனை: பதிந்த வாசகமும் அனுப்பும் வாசகமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். மெசேஜ் வாசகத்தையும் நிரலைப் போலவே பாவித்தால் இந்தத் தலைவலியில் முக்கால்வாசி தீரும்.

மெசேஜ் போகும் பாதை

உங்கள் சர்வர் ஒரு கேட்வே நிறுவனத்தின் (எஸ்எம்எஸ்ஸை ஆபரேட்டரிடம் கொண்டுசேர்க்கும் இடைநிறுவனம்) ஏபிஐயை, அதாவது நிரல் வழியே பேசும் வாசலை, அழைக்கிறது. கேட்வே மெசேஜை ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் போன்ற ஆபரேட்டரிடம் கொடுக்கிறது. ஆபரேட்டர் அதை டிஎல்டி பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். இதற்கு ஸ்கிரப்பிங் என்று பெயர். இதில் தேறினால்தான் மெசேஜ் ஆபரேட்டரின் எஸ்எம்எஸ் மையத்துக்குப் போகும். போன் ஆஃப் ஆகியிருந்தால் அந்த மையம் மெசேஜைச் சேமித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். போனில் விழுந்ததும் டெலிவரி ரிப்போர்ட் அதே பாதையில் உங்களிடம் திரும்பி வரும்.

ஒரு சிம்மை மோடத்திலோ பழைய ஆண்ட்ராய்டு போனிலோ போட்டு அதன் வழியே அனுப்பலாமே என்று பலருக்கும் தோன்றும். உங்கள் சர்வர் விழுந்தால் உங்களுக்கே எச்சரிக்கை வரவேண்டும் என்றால் அது போதும். வாடிக்கையாளர்களுக்கு வணிக மெசேஜ் அனுப்ப அந்த வழியில் இறங்காதீர்கள். பதிவில்லாத பத்து இலக்க எண்ணிலிருந்து வணிக மெசேஜ் அனுப்புவது விதிமீறல். யாராவது 1909க்குப் புகார் செய்தால் அந்த இணைப்பே துண்டிக்கப்படலாம்.

டிஎல்டி பதிவு

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த வணிகத் தகவல்தொடர்பு விதிமுறைகளில் தொடங்கியது இது. 2021 மார்ச் 8 அன்று ஸ்கிரப்பிங்கைக் கண்டிப்பாக அமலாக்கியபோது நாடு முழுக்க ஓடிபிகள் தடைபட்டன. டிராய் அதை ஒரு வாரம் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. காரணம், பல நிறுவனங்களின் வாசகங்கள் பதிவேட்டில் இல்லை, அல்லது இருந்தும் ஒத்துப்போகவில்லை. இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் அதே இடத்தில்தான்.

ஏதாவது ஓர் ஆபரேட்டரின் டிஎல்டி போர்ட்டலில் பதிந்தால் போதும், மற்றவர்களுக்கும் அது செல்லும். வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும்:

1. நிறுவனப் பதிவு. பான், ஜிஎஸ்டி சான்றிதழ், நிறுவன லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்ட அங்கீகாரக் கடிதம் ஆகியவை தேவை. கட்டணம் போர்ட்டலுக்குப் போர்ட்டல் மாறும். பொதுவாக 5,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும் ஆகும். முடிந்ததும் 19 இலக்க நிறுவன ஐடி கிடைக்கும்.

2. ஹெடர். மெசேஜ் வரும்போது எண் இருக்க வேண்டிய இடத்தில் தெரியும் ஆறு எழுத்துப் பெயர் இது. நிறுவனப் பெயரோடு தொடர்பு இல்லாத ஹெடரை நிராகரித்துவிடுவார்கள். பிராண்ட் பெயர் வேறாக இருந்தால் டிரேட்மார்க் சான்று, இணைய முகவரி உரிமை போன்ற ஆதாரத்தை இணைத்துவிடுங்கள். விளம்பர மெசேஜுக்கான ஹெடர் எழுத்தில் இருக்காது, எண்களில் இருக்கும்.

3. டெம்ப்ளேட். அனுப்பப்போகும் ஒவ்வொரு வாசகத்தையும் தனித்தனியே பதிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 19 இலக்க டெம்ப்ளேட் ஐடி கிடைக்கும்.

4. இணைப்புகளுக்கு அனுமதி. 2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டியே பதியாத இணைப்பு இருக்கும் மெசேஜ் போகாது. பொதுவான லிங்க் சுருக்கிகளை நம்ப வேண்டாம். உங்கள் சொந்த டொமைனிலேயே குறுகிய முகவரி ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள்.

5. சங்கிலி இணைப்பு. எந்த கேட்வே வழியாக அனுப்புகிறீர்கள் என்பதை போர்ட்டலில் தேர்ந்தெடுக்க வேண்டும், கேட்வே அதை ஏற்க வேண்டும். 2024 டிசம்பரிலிருந்து இது இல்லாத மெசேஜ் நிராகரிக்கப்படுகிறது. கேட்வேயை மாற்றும்போது பலரும் மறப்பது இதைத்தான். எல்லா ஐடிகளும் சரியாக இருக்கும், ஒரு மெசேஜ்கூடப் போகாது.

டெம்ப்ளேட்டின் வகையைத் தேர்ந்தெடுப்பதில் நிதானம் வேண்டும். லாரி கிளம்பிய தகவல், ரசீது, ஓடிபி எல்லாம் விளம்பரமல்லாத சர்வீஸ் அல்லது பரிவர்த்தனை வகை. “அடுத்த புக்கிங்குக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி” என்ற ஒரு வரி சேர்ந்தாலே அது விளம்பரம். விளம்பர மெசேஜ் காலை 10 மணியிலிருந்து இரவு 9 மணிக்குள்தான் போகும், விளம்பரம் வேண்டாம் என்று டிஎன்டியில் பதிந்த எண்களுக்குப் போகாது. 2025இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு விளம்பரத்துக்குப் பி, சர்வீசுக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி என்று ஹெடரின் கடைசியில் ஓர் எழுத்து சேர்ந்து வருகிறது. பெறுபவருக்கே வகை தெரிந்துவிடுவதால் விளம்பரத்தையும் தகவலையும் ஒரே மெசேஜில் கலக்காதீர்கள்.

தமிழ் மெசேஜின் நீளக் கணக்கு

ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்து அடங்கும். தமிழ் போகும் யூனிகோட் முறையில் ஓர் இடத்துக்கு இரண்டு பைட், ஆகவே 70 இடம்தான். 70ஐத் தாண்டினால் மெசேஜ் பல துண்டுகளாகும். துண்டுகளைக் கோர்க்கும் தகவலுக்கு ஒவ்வொன்றிலும் ஆறு பைட் போய்விடும், மிஞ்சுவது துண்டுக்கு 67 இடம். ஆங்கிலத்தில் அதே கணக்கில் 153. கட்டணம் துண்டுக்குத்தான்.

தமிழில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் இடமும் ஒன்றல்ல. “ண்” என்பது இரண்டு இடம்: ண, அதன்மேல் புள்ளி. “ணீ” என்பதும் இரண்டு. இந்த வாசகத்தைப் பாருங்கள்:

உங்கள் தண்ணீர் லாரி இன்று மாலை 4 மணிக்கு வரும்.

இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்துக் கண்ணால் எண்ணினால் 31. எஸ்எம்எஸ் கணக்கில் 47. இதோடு ஓர் இடைவெளி, “டிரைவர்:”, இன்னோர் இடைவெளி, பத்து இலக்க எண் சேர்த்தால் 67. நிறுவனத்தின் பெயருக்கு மூன்று இடம்தான் மிச்சம், பெயரைச் சேர்த்தால் இரண்டு துண்டாகிவிடும். துண்டுக்கு 20 பைசா என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 500 மெசேஜ் அனுப்பும் தளத்துக்கு மாதம் 3,000 ரூபாய் கூடுதல் செலவு.

அதற்காக ஆங்கிலத்துக்கு ஓட வேண்டியதில்லை. வாசகத்தைத் திருத்தினால் போதும். “உங்கள்” தேவையில்லை, எடுத்தால் பின்னாலுள்ள இடைவெளியோடு ஏழு இடம் மிச்சம். “இன்று” ஆபத்தான சொல். மெசேஜ் மறுநாள் போய்ச் சேர்ந்தால் அது தவறான தகவலாகிவிடும். “இன்று” பிடிப்பது ஐந்து இடம், “12/11” என்ற தேதியும் ஐந்து இடம்தான், ஆகவே தேதியையே போடுங்கள். அடுத்து, டிரைவரின் எண். அது ஒவ்வொரு லாரிக்கும் மாறும். அழைக்கச் சொல்லித் தரும் எண்களையும் முன்கூட்டியே பதியச் சொல்கிறார்கள் என்பதால், மாறும் எண்ணை டெம்ப்ளேட்டுக்குள் விடுவது சிக்கல். அலுவலக எண்ணை நிலையான வாசகமாகவே எழுதிவிடுங்கள். “டிரைவர்” ஏழு இடம், “போன்” நான்கு.

தண்ணீர் லாரி 12/11 மாலை 4 மணிக்கு வரும். போன்:

இதோடு இடைவெளியும் பத்து இலக்க எண்ணும் சேர்ந்து மொத்தம் 57. நிறுவனத்தின் பெயருக்கு 13 இடம் இருக்கிறது. ஒரே துண்டு, முழுத் தமிழ்.

ஆங்கில மெசேஜிலும் ஒரு கண்ணி உண்டு. ₹ குறி ஏழு பிட் எழுத்துத் தொகுப்பில் இல்லை. வேர்டிலிருந்து ஒட்டும்போது வரும் வளைந்த மேற்கோள் குறியும் இல்லை. இவற்றில் ஒன்று நுழைந்தாலே மெசேஜ் முழுவதும் யூனிகோடாக மாறி, 160 எழுத்து மெசேஜ் மூன்று துண்டாகும். ரூபாயை எழுத்தாலேயே குறியுங்கள்.

நிரலில் எண்ணும்போது மொழிக்கு மொழி விடை மாறும். ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா இரண்டிலும் சரத்தின் (ஸ்ட்ரிங்) நீளம் எஸ்எம்எஸ் கணக்கோடு அப்படியே பொருந்தும். பைத்தானில் தமிழுக்குப் பொருந்தும், எமோஜி வந்தால் ஒன்று குறைவாகக் காட்டும். பிஎச்பியின் சாதாரண நீளச் சார்பு (ஃபங்ஷன்) பைட்டை எண்ணும், ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று வரும். பல்பைட் சார்பையே பயன்படுத்துங்கள்.

ஒத்துப்போகாத “போன்”

மேலே “போன்” என்று எழுதினோமே, அதில் உள்ள ஓகார உயிர்மெய்யை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். “ோ” என்பதை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது “ே”, “ா” என்று இரண்டாகப் பிரித்து வைக்கலாம். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஒகரம், ஔகாரத்துக்கும் இதே நிலைதான். போர்ட்டலில் ஒரு விசைப்பலகையில் தட்டிப் பதிந்திருப்பீர்கள், நிரலில் வேறொரு மென்பொருளிலிருந்து ஒட்டியிருப்பீர்கள். ஸ்கிரப்பிங் இரண்டையும் வெவ்வேறு வாசகம் என்று தள்ளிவிடும். “டெம்ப்ளேட் மிஸ்மேட்ச்” என்ற ஒற்றை வரி மட்டும் திரும்பி வரும், நாள் முழுக்கப் பார்த்தாலும் பிழை கண்ணில் படாது.

தீர்வு எளிது. பெரும்பாலான நிரல் மொழிகளில் யூனிகோட் இயல்பாக்கச் சார்பு உண்டு. வாசகத்தை என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றி, அந்த மாற்றிய வாசகத்தையே போர்ட்டலிலும் ஒட்டுங்கள், நிரலிலும் வையுங்கள். கூடவே கண்ணுக்குத் தெரியாத சுழிய அகல இணைப்பிகளையும் நீக்கிவிடுங்கள். இரட்டை இடைவெளி, வரி முடிவில் விட்டுப்போன இடைவெளி, விண்டோஸ் வரிமுறிவு ஆகியவையும் இதே பிழையைத் தரும்.

டெம்ப்ளேட்டில் மாறும் பகுதிகளை, அதாவது வேரியபிள்களை, சுருள் அடைப்புக்குள், இரண்டு ஹேஷ் குறிகளுக்கு நடுவே குறிக்க வேண்டும். அந்தப் பகுதி எண்ணா, எழுத்தா, இணைப்பா என்ற வகையையும் இப்போது கேட்கிறார்கள். ஒரு வேரியபிளுக்கு 30 எழுத்துதான் வரம்பு. மேலே உள்ள வாசகத்தில் “12/11 மாலை 4” என்பது ஒரே வேரியபிள், 12 இடம். பிரச்சினை முகவரியில் வரும். “கீழ்க்கட்டளை” என்ற ஊர்ப்பெயர் மட்டுமே 12 இடம் பிடிக்கும். தெருப்பெயரும் சேர்ந்தால் முப்பது எப்போது தாண்டும் என்று சொல்ல முடியாது, தாண்டியவருக்கு மட்டும் மெசேஜ் போகாது. முகவரிக்குப் பதில் புக்கிங் எண்ணைக் கொடுங்கள்.

டெம்ப்ளேட்களை நிரலின் நடுவே சிதறவிடாதீர்கள். ஒரே கோப்பில் டெம்ப்ளேட் ஐடி, ஹெடர், வாசகம், மொழி என வரிசையாக வைத்து, அதையும் நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) சேருங்கள். வேரியபிளின் நீளத்தையும் மொத்தத் துண்டுகளையும், பதிந்த வாசகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்பதையும் சரிபார்க்கும் சோதனை ஒன்றை எழுதிவிடுங்கள். மார்க்கெட்டிங்கில் இருப்பவர் நல்லெண்ணத்தில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்தாலும் அந்தச் சோதனை பிடித்துவிடும்.

எண்ணைச் சுத்தம் செய்தல்

போன் எண்ணை டேட்டாபேஸில் எண்ணாக அல்ல, எழுத்தாகவே சேமியுங்கள். இடைவெளி, கோடு, கூட்டல் குறி எல்லாவற்றையும் நீக்கியபின் 12 இலக்கம் இருந்து 91இல் தொடங்கினால் அந்த 91ஐ எடுங்கள். 11 இலக்கம் இருந்து 0வில் தொடங்கினால் அந்த 0வை எடுங்கள். மிஞ்சும் பத்து இலக்கம் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்க வேண்டும். நீளம் பார்க்காமல் முன்னால் உள்ள 91ஐ வெட்டும் நிரல் ஏராளமாகப் புழங்குகிறது. 91இல் தொடங்கும் உண்மையான பத்து இலக்க எண்கள் இருக்கின்றன, அவற்றுக்குச் சொந்தக்காரர்களுக்கு ஒரு மெசேஜும் போகாது. 044இல் தொடங்கும் லேண்ட்லைனை ஃபாரத்திலேயே மறுத்துவிடுங்கள்.

அனுப்பும் நிரல்

வாடிக்கையாளர் “புக் செய்” பட்டனைத் தட்டியதும் அந்த ரிக்வெஸ்டுக்குள்ளேயே கேட்வேயை அழைக்காதீர்கள். கேட்வே பத்து நொடி திணறினால் உங்கள் தளமும் பத்து நொடி நிற்கும். புக்கிங்கைச் சேமிக்கும் அதே டிரான்சாக்‌ஷனில், அனுப்ப வேண்டிய மெசேஜ் என்று ஒரு வரியை எழுதுங்கள். பின்னணியில் தனியாக ஓடும் ஒரு நிரல் (வொர்க்கர்) அதை எடுத்து அனுப்பட்டும். வரியில் இருக்க வேண்டியவை: உங்கள் சொந்தத் தனி ஐடி, எண், டெம்ப்ளேட் ஐடி, வேரியபிள்கள், நிலை, முயற்சி எண்ணிக்கை, காலாவதி நேரம், கேட்வே தரும் ஐடி.

ஓடிபிக்கு ஒரு கியூ, மற்றவற்றுக்கு இன்னொன்று. பொங்கல் வாழ்த்து பத்தாயிரம் பேருக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, லாகின் செய்ய நினைத்தவர் அதன் பின்னால் வரிசையில் நிற்கக் கூடாது.

கேட்வேக்கு போஸ்ட் முறையில் அனுப்புங்கள். கெட் முறையில் வாசகம் முகவரியிலேயே போகும். அதில் ஒரு தமிழ்க் குறியீடு ஒன்பது எழுத்தாக விரியும், வாசகத்தில் “&” இருந்தால் மீதி வெட்டுப்படும், ஏபிஐ சாவியும் சர்வர் லாகில் பதிந்துவிடும். நிறுவன ஐடி, ஹெடர், டெம்ப்ளேட் ஐடி, எண், வாசகம், யூனிகோட் என்ற குறிப்பு எல்லாம் சேர்ந்து போக வேண்டும். யூனிகோட் குறிப்பை விட்டுவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேரும். ஏபிஐ சாவி சர்வரின் சூழல் மாறியில் இருக்கட்டும், பிரவுசருக்குப் போகும் ஜாவாஸ்கிரிப்டில் ஒருபோதும் வேண்டாம்.

பதில் வராமல் டைம்அவுட் ஆனால் மெசேஜ் போனதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் ஒருவருக்கே மூன்று மெசேஜ் போகும். உங்கள் தனி ஐடியை கேட்வே ஏற்றுக்கொள்ளும் என்றால் அதையே மறுபடி அனுப்புங்கள், அது இரட்டிப்பைத் தடுக்கும். இல்லையென்றால் முதலில் நிலையைக் கேளுங்கள். 429 (அளவுக்கு மீறிய கோரிக்கை), 500 வரிசை (கேட்வே சர்வர் கோளாறு) பிழைகளுக்கு 5, 20, 60 நொடி என்று இடைவெளியைக் கூட்டி மூன்று முறை முயலுங்கள். டெம்ப்ளேட் மிஸ்மேட்ச், ஹெடர் பிழை, சங்கிலிப் பிழை மூன்றையும் நூறு முறை அனுப்பினாலும் பதில் அதேதான். அங்கே நிறுத்தி உங்கள் ஆட்களுக்கு எச்சரிக்கை கொடுங்கள்.

ஓடிபி அனுப்பினால் இன்னும் கவனம் வேண்டும். பாதுகாப்பான தற்போக்கு எண் சார்பில் எடுத்த ஆறு இலக்கம், ஐந்து நிமிட ஆயுள், ஐந்து முறை தவறினால் ரத்து, மறுமுறை அனுப்பக் குறைந்தது 30 நொடி காத்திருப்பு என வையுங்கள். டேட்டாபேஸில் ஓடிபியை அப்படியே வைக்காமல் ஹேஷ் செய்து (திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றி) வையுங்கள். ஒரு எண்ணுக்கும் ஒரு ஐபிக்கும் மணிக்கு இத்தனை என்று வரம்பு போடாத ஃபாரத்தை எவரோ கண்டுபிடித்து, பிறர் எண்களுக்கு ஓடிபி மழை பொழிய வைப்பார்கள். தொல்லை அவர்களுக்கு, பில் உங்களுக்கு.

டெலிவரி ரிப்போர்ட்

கேட்வே “ஏற்றுக்கொண்டோம்” என்று சொல்வது, தபாலைப் பெட்டியில் போட்டதற்குச் சமம். போனில் விழுந்ததா என்பதை டெலிவரி ரிப்போர்ட்தான் சொல்லும். அதைப் பெற உங்கள் தளத்தில் ஒரு வெப்ஹுக் முகவரி (கேட்வே தானாகவே அழைத்துத் தகவல் தரும் முகவரி) வையுங்கள். வந்ததை ஒரு அட்டவணையில் எழுதிவிட்டு உடனே 200 (பெற்றுக்கொண்டோம்) என்ற பதில் கொடுங்கள், அலசலைப் பிறகு செய்யலாம். ஒரே ரிப்போர்ட் இரண்டு முறை வரும், வரிசை மாறியும் வரும். “டெலிவர் ஆனது” என்று பதிந்தபின் தாமதமாக வரும் “அனுப்பப்பட்டது” அதை மேலெழுதக் கூடாது.

மெசேஜின் ஆயுளை நீங்களே குறியுங்கள். சும்மா விட்டால் எஸ்எம்எஸ் மையம் ஒரு நாளோ இரண்டு நாளோ கூட முயன்றுகொண்டிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கரண்ட்டும் சிக்னலும் போய்க் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு நாளில் சிக்னல் திரும்பியதும், என்றைக்கோ வர வேண்டிய மெசேஜெல்லாம் மொத்தமாகக் கொட்டும். லாரித் தகவலுக்கு மூன்று மணி நேரம், ஓடிபிக்கு ஐந்து நிமிடம் போதும். ஏபிஐயில் ஆயுளைக் குறிக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்வேயைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேளுங்கள்.

நேரலைக்குப் போகும் முன்

நான்கு ஆபரேட்டர்களின் சிம்மிலும் ஒவ்வொரு டெம்ப்ளேட்டையும் அனுப்பிப் பாருங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், அந்த ஆபரேட்டரின் பதிவேட்டுக்கு உங்கள் ஹெடரோ டெம்ப்ளேட்டோ இன்னும் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஒரு நாள் பொறுத்தும் சரியாகாவிட்டால் டெம்ப்ளேட் ஐடியோடு கேட்வேக்கு எழுதுங்கள். ஒரு பழைய பட்டன் போனிலும் பாருங்கள். சில மாடல்களில் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியும். அவர்களுக்காக ஒவ்வொரு எண்ணுக்கும் மொழித் தேர்வு ஒன்றைச் சேமித்து, ஆங்கில டெம்ப்ளேட்டையும் பதிந்து வையுங்கள். ஆனால் யாரும் எதுவும் தேர்ந்தெடுக்காதபோது போவது தமிழாகவே இருக்கட்டும்.

போன் எண் தனிநபர் தரவு, 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும். லாகில் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் காட்டுங்கள்.

நேரலைக்கு வந்தபின், அனுப்பி பத்து நிமிடமாகியும் ரிப்போர்ட் வராத லாரி மெசேஜ்களை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தேடி எடுக்கும் ஒரு வேலையை ஓடவிடுங்கள். அந்தப் பட்டியல் புக்கிங் ஆபீஸில் இருப்பவரின் திரையில் புக்கிங் எண்ணோடு வரட்டும். லாரி தெருமுனைக்கு வருவதற்குள் அவர் வாட்ச்மேனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம்.